மைதானம் யாருடையது? நீக்ரோ லீக் அணிகள் பிழைத்த கதை

கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையோடு களமிறங்கி, அமெரிக்காவின் உச்ச நிலை பேஸ்பாலான மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இருந்த தடையை உடைத்தார். பேஸ்பால் பார்க்காதவர்கள்கூட இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், சாட்சல் பெய்ஜின் பந்து வேகம், ஜாஷ் கிப்சன் அடித்த தூரம், கூல் பாப்பா பெல்லின் ஓட்டம் என்று வீரக் கதைகளோடு நின்றுவிடுகிறோம். அவை அருமையான கதைகள்தான். ஆனால் அந்தத் தடைக் காலத்தில் தனியாக இயங்கிய கறுப்பின அணிகள், அதாவது நீக்ரோ லீக் அணிகள், சம்பளம் கொடுத்தது எப்படி, ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது எப்படி, சில அணிகள் முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடிக்க மற்றவை ஒரே சீசனில் காணாமல் போனது ஏன் என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை கிடைக்காது. விடை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆடிய மைதானம் யாருடையது? அதன் தேதிகள் யார் கையில் இருந்தன?

முதலில் தடை எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 1867-இல் அமெச்சூர் அணிகளின் தேசியச் சங்கம், கறுப்பின உறுப்பினர் உள்ள கிளப்புகளைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. அந்தச் சங்கம் சில ஆண்டுகளில் கலைந்துபோனது. பிறகு வந்த தொழில்முறை லீக்குகளில் எழுத்தில் தடை இல்லை. அதனால்தான் 1884-இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் டொலீடோ அணிக்கு கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவராக) ஆட முடிந்தது. அன்றைக்கு அந்த அணி இருந்த அமெரிக்கன் அசோசியேஷன் ஒரு மேஜர் லீக். கதவு சாத்தப்பட்டது 1887 ஜூலை 14-இல். இன்டர்நேஷனல் லீக் உரிமையாளர்கள் அன்று கூடி, கறுப்பின வீரர்களோடு இனிப் புது ஒப்பந்தம் போடுவதில்லை என்று வாக்களித்தார்கள். அதே நாளில், ஜார்ஜ் ஸ்டோவி பந்து வீசினால் நாங்கள் ஆடமாட்டோம் என்று கேப் ஆன்சனின் சிகாகோ அணி நுவார்க்கில் மறுத்தது. அதற்குப் பிறகு யாரும் எதையும் எழுதி வைக்க வேண்டியிருக்கவில்லை. உரிமையாளர்களுக்கிடையே இருந்த வாய்மொழி உடன்பாடே போதுமானதாக இருந்தது. எழுத்தில் இல்லாத தடை என்பதால் அதை எதிர்த்து வழக்குப் போடவும் வழியில்லை. அந்தத் தடையின் மிகக் கொடிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

சம்பளம் வாங்கி ஆடிய முதல் கறுப்பின அணி கியூபன் ஜயன்ட்ஸ், 1885-இல் நியூயார்க் மாநிலத்தின் பாபிலோன் என்ற கடற்கரை ஊரில், ஆர்கைல் ஹோட்டலில் உருவானது. பெயரில் கியூபா இருந்தாலும் அணியில் இருந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள். கோடை விடுமுறைக்கு வரும் வெள்ளை விருந்தினர்களை மகிழ்விக்க ஆடிய அணி அது. பின்னால் வந்த எல்லா அணிகளுக்கும் இருந்த அமைப்பு அப்போதே வந்துவிட்டது: ஆட்டம் நம்முடையது, இடம் வேறு யாருடையதோ.

இதை முதலில் முழுதாகப் புரிந்துகொண்டவர் ரூப் ஃபாஸ்டர். டெக்சஸின் கால்வெர்ட்டில் 1879-இல் பிறந்தவர், பெருத்த உடல்காரர், தன் காலத்தின் தலைசிறந்த பிட்சர்களில் (பந்து வீசுபவர்களில்) ஒருவர். சிகாகோ ஒயிட் சாக்ஸ் 1910-இல் புது மைதானத்துக்குக் குடிபெயர்ந்தபோது 39-ஆம் தெருவில் இருந்த அவர்களின் பழைய இடம் காலியானது. ஜான் ஷோர்லிங் என்ற வெள்ளை மதுக்கடை உரிமையாளரோடு கூட்டுச் சேர்ந்து, 1911-இல் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணியை ஃபாஸ்டர் அந்த மைதானத்தில் இறக்கினார். நிரந்தர மைதானம் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கைக்கு வந்தன. ஞாயிறு வசூல்தான் வாரத்தின் வசூல். தொழிலாளர்களுக்கு அன்றுதான் ஓய்வு. நல்ல ஞாயிறு தேதியைக் கையில் வைத்திருப்பவர், எதிரணிக்கு என்ன பங்கு என்பதையும் அவரே தீர்மானித்தார்.

ஃபாஸ்டரின் ஆட்ட முறையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பந்தை ஓங்கி அடிக்காமல் மட்டையை நீட்டி மெல்லத் தட்டி விடுவதற்கு பன்ட் என்று பெயர். கிரிக்கெட்டில் பந்தைக் காலடியில் சாகவிட்டு ஒரு ரன் திருடுவது போன்றது. ஃபாஸ்டர் அதை ஆயுதமாக்கினார். பேஸ்பாலில் மூன்று பேஸ்களை வரிசையாகத் தொட்டு, பேட்டர் நிற்கும் இடமான ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். முதல் பேஸில் இருப்பவர் பிட்சர் வீசும்போதே ஓடத் தொடங்குவார். பேட்டர் மூன்றாம் பேஸ் பக்கமாகப் பந்தைத் தட்டுவார். மூன்றாம் பேஸ்காரர் பந்தை எடுக்க முன்னால் ஓடி வந்துவிடுவதால் அவர் இடம் காலியாகும். ஓடுபவர் இரண்டாம் பேஸில் நிற்காமல் நேராக மூன்றாவதற்குப் போய்விடுவார். எதிரணி சற்றுத் தடுமாறினால் தட்டியவரும் முதல் பேஸில் பத்திரமாக இருப்பார். இதற்கு எல்லா வீரர்களும் வேகமாக ஓட வேண்டும், எல்லோரும் பன்ட் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். 1921-இல் இண்டியனாபொலிஸ் ஏபிசி அணிக்கு எதிராக 18-0 என்று பின்தங்கியிருந்த அமெரிக்கன் ஜயன்ட்ஸ், பன்ட் மேல் பன்ட் போட்டு 18-18 என்று சமன் செய்ததைப் பழைய ரசிகர்கள் பல காலம் பேசினார்கள்.

1920 பிப்ரவரி 13 அன்று கான்சஸ் சிட்டியின் பேசியோ ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ஃபாஸ்டர் மற்ற உரிமையாளர்களைக் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். எட்டு அணிகள். சிகாகோவிலிருந்து இரண்டு, அவற்றோடு கியூபன் ஸ்டார்ஸ், டேட்டன் மார்கோஸ், டெட்ராய்ட் ஸ்டார்ஸ், இண்டியனாபொலிஸ் ஏபிசி, கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ், செயின்ட் லூயிஸ் ஜயன்ட்ஸ். உரிமையாளர்களில் மொனார்க்ஸின் ஜே.எல். வில்கின்சன் ஒருவர்தான் வெள்ளையர்.

லீக் தலைவர் என்ற முறையில் ஃபாஸ்டர் சம்பளம் வாங்கவில்லை. ஒவ்வொரு லீக் ஆட்டத்தின் கேட் வசூலிலும் 5 சதவீதம் எடுத்துக்கொண்டார். அட்டவணை போட்டது அவர், ரயில் கட்டணம் இல்லாமல் தவித்த அணிக்குக் கடன் கொடுத்தது அவர், பலவீனமான அணிக்கு நல்ல வீரரை அனுப்பி வைத்ததும் அவர். தனக்கு லாபமான தேதிகளைத் தானே எடுத்துக்கொள்கிறார் என்ற புகாரும் எழுந்தது. புகாரில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த 5 சதவீதமும் அந்தச் சர்வாதிகாரமும் இல்லையென்றால் லீக் இரண்டு கோடை தாண்டியிருக்காது என்பதே என் கணிப்பு. 1926-இல் அவருக்கு மனநோய் முற்றி கான்ககீ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வெளியே வராமலேயே 1930 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டோடு லீக்கும் மூடப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தம் பாதிக் காரணம். மீதிப் பாதி, ஒரே மனிதரின் தலைக்குள் இருந்த கணக்கை வேறு யாராலும் நடத்த முடியாமல் போனது.

கிழக்குக் கரையில் எட் போல்டன் 1923-இல் தொடங்கிய ஈஸ்டர்ன் கலர்டு லீக் முதலில் வீரர்களைப் பறிக்கும் போட்டியாளராக வந்தது, பிறகு சமாதானமானது. 1924-இல் இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் முதல் முறையாக உலகத் தொடரில் மோதின. கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ், ஹில்டேல் அணியை 5-4 என்று வென்றது, ஒரு ஆட்டம் சமன். ஆக மொத்தம் பத்து ஆட்டங்கள். கடைசி ஆட்டத்தில் கியூபாவின் ஹோசே மெண்டெஸ் ரன்னே கொடுக்காமல் 5-0 என்று முடித்து வைத்தார். இந்தத் தொடர் இரண்டு ஊர்களில் மட்டும் நடக்கவில்லை. பிலடெல்ஃபியா, பால்டிமோர், கான்சஸ் சிட்டி, சிகாகோ என்று நான்கு நகரங்களில் நடந்தது. ஒரே ஊரில் இத்தனை நாள் மைதானம் நிரம்பாது என்பதால் கூட்டம் இருக்கும் இடத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள்.

கூட்டம் வரும் இடத்துக்கு ஆட்டம் போக வேண்டும், கூட்டம் வர முடிகிற நேரத்தில் நடக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தவர் வில்கின்சன். சொந்த மைதானம் அவருக்கும் இல்லை. 1923-இல் திறக்கப்பட்ட மியூல்பாக் மைதானத்தில் வாடகைக்குத்தான் மொனார்க்ஸ் ஆடியது. வார நாட்களில் மதிய ஆட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வர மாட்டார்கள். ஆகவே இரவில் ஆடலாம், விளக்கையும் கூடவே எடுத்துப் போகலாம் என்று முடிவெடுத்து, கையில் இருந்ததையெல்லாம் அடகு வைத்தார். ஓமஹாவின் ஜயன்ட் மேனுஃபேக்சரிங் கம்பெனி அவருக்காகக் கழற்றி மாட்டும் விளக்கு அமைப்பைச் செய்து கொடுத்தது.

அந்த அமைப்பு வேலை செய்த விதம் இது. லாரிகளின் தளத்தில் படுக்க வைத்த கம்பங்கள். ஊருக்குப் போனதும் மைதானத்தைச் சுற்றி லாரிகளை நிறுத்தி, கம்பங்களை நிமிர்த்தி உள்ளிருந்து நீட்டுவார்கள். உயரம் சுமார் 50 அடி. உச்சியில் விளக்குகளின் வரிசை. மின்சாரத்துக்கு 100 கிலோவாட் ஜெனரேட்டர். அதைச் சுழற்ற 250 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், மணிக்கு ஏறக்குறைய 15 கேலன் குடிக்கும். எல்லாவற்றையும் பொருத்த இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஜெனரேட்டரை சென்டர் ஃபீல்டுக்கு அப்பால் வைப்பார்கள். அது போடும் சத்தத்தில் அவுட்ஃபீல்டர்கள் (மைதானத்தின் தூரப் பகுதியில் நிற்பவர்கள்) ஒருவர் கூப்பிடுவது மற்றவருக்குக் கேட்காது. உயரே போகும் பந்துக்கு இரண்டு பேர் ஓடும்போது 'என்னுடையது' என்று கத்தியும் பயனில்லை, மோதிக்கொள்ளத்தான் வேண்டும்.

வெளிச்சமும் சீராக இருக்கவில்லை. கம்பம் 50 அடி என்றால் நன்றாக மேலே அடிக்கப்பட்ட பந்து விளக்குக்கு மேலே இருட்டில் போய் மறைந்துவிடும். திரும்ப வெளிச்சத்துக்குள் வரும்போது பிடிக்க ஒரு நொடிகூட இருக்காது. இன்ஜின் வேகம் குறைந்தால் விளக்கு மங்கும். பேட்டர் நிலைமை இன்னும் மோசம். பந்து ஓரிரு இன்னிங்ஸில் அழுக்காகிவிடும், அழுக்குப் பந்து மங்கலான வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

1930 ஏப்ரல் 28 அன்று ஓக்லஹோமாவின் ஈனிட் நகரில், ஃபிலிப்ஸ் பல்கலைக்கழக அணியோடு இந்த விளக்கில் மொனார்க்ஸ் ஆடியது. மேஜர் லீக்கின் முதல் இரவு ஆட்டம் சின்சினாட்டியில் நடந்தது 1935 மே 24-இல், அதாவது ஐந்து ஆண்டுகள் கழித்து. அமெரிக்காவின் இரவு பேஸ்பால் வரலாற்றை சின்சினாட்டியில் தொடங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

அந்த விளக்கின் கீழ் நடந்த ஒரு ஆட்டத்தை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1930 ஆகஸ்ட் 2, கான்சஸ் சிட்டி. மொனார்க்ஸுக்கு எதிராக ஹோம்ஸ்டெட் கிரேஸ். கிரேஸ் பிட்சர் ஸ்மோக்கி ஜோ வில்லியம்ஸுக்கு அப்போது 44 வயது. மொனார்க்ஸ் பிட்சர் செட் புரூவருக்கு 23 வயது, பந்தின் தோலை உப்புத்தாளால் சுரண்டி வீசுவதில் கைதேர்ந்தவர். மேஜர் லீக்கில் எச்சில் பந்தும் சுரண்டிய பந்தும் 1920-இலேயே தடை செய்யப்பட்டிருந்தன. நீக்ரோ லீக்குகளில் அந்தத் தடை பெயரளவில்தான். ஒரு ஆட்டத்துக்கு இத்தனை பந்து என்று எண்ணிக் கொடுக்கும் இடத்தில், கீறல் விழுந்த பந்தையெல்லாம் தூக்கிப் போட அம்பயரால் முடியாது. சுரண்டப்பட்ட பந்து காற்றில் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, போதாததற்கு மங்கலான விளக்கு. பன்னிரண்டு இன்னிங்ஸ் போனது ஆட்டம். புரூவர் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் (பேட்டர் மூன்று முறை தவறினால் அவுட்), வில்லியம்ஸ் 27 பேரை. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஒரு அணிக்கு மொத்தமே 27 அவுட்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வில்லியம்ஸ் கொடுத்தது ஒரே ஒரு ஹிட் (அடித்துப் பேஸை எட்டுவது). பன்னிரண்டாவதில் ஆஸ்கர் சார்ல்ஸ்டன் வாக் பெற்று (நான்கு தவறான பந்துகளால் அடிக்காமலே) பேஸுக்குப் போனார், செனி ஒயிட் அடித்த அடியில் ஹோம் வந்து சேர்ந்தார். கிரேஸ் 1, மொனார்க்ஸ் 0. வெளிச்சம் பேட்டர்களுக்கு எதிராக இருந்தது உண்மைதான், அதற்காக இந்த எண்களைத் தள்ளிவிட முடியாது. இரண்டு பக்கமும் அதே இருட்டில்தான் நின்றார்கள்.

விளக்கு கைக்கு வந்ததும் மொனார்க்ஸ் லீக்கை விட்டு விலகி சில ஆண்டுகள் ஊர் ஊராகவே ஆடியது. இந்த ஊர்சுற்றி ஆட்டத்துக்கு பார்ன்ஸ்டார்மிங் என்று பெயர். நீக்ரோ லீக்குகளைப் பற்றி வெளியே இருப்பவர்கள் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். லீக் ஆட்டம்தான் முக்கியத் தொழில், ஊர்சுற்றல் பக்க வருமானம் என்று நினைக்கிறார்கள். பல அணிகளுக்கு நிலைமை தலைகீழ். ஒரு சீசனில் லீக் கணக்கில் சேரும் ஆட்டம் அறுபதிலிருந்து எண்பது வரை இருக்கும். மொத்தம் ஆடியது அதைப் போல இரண்டு பங்குக்கும் மேல். பட்டத்தை லீக் தந்தது, அரிசி பருப்புக்குப் பணம் தந்தவை சின்ன ஊர்களின் மில் அணிகளும், தாடி வளர்த்த ஹவுஸ் ஆஃப் டேவிட் என்ற மதக்குழுவின் அணியும், வெள்ளை நட்சத்திரங்கள் சீசன் முடிந்து திரட்டிய அணிகளும்தான். பகலில் ஒரு ஊரில் இரண்டு ஆட்டம், பிறகு பஸ் ஏறி இரவு இன்னொரு ஊரில் மூன்றாவது என்பது சாதாரணம்.

இதனால்தான் அணியில் ஆள் குறைவு. பதினைந்து, பதினாறு பேர்தான், ஒரு பஸ்ஸுக்குள் அடங்கும் அளவு. பிட்சர் வீசாத நாளில் அவுட்ஃபீல்டில் நிற்பார். கேட்சர் முதல் பேஸும் பார்ப்பார். வெள்ளை அணிகளில் ஒரு இடத்துக்கு ஒரு ஆள். இங்கே ஒரு ஆளுக்கு மூன்று இடம். காயம் பட்டால் உட்கார வைக்க மாற்று ஆள் கிடையாது, பட்ட காயத்தோடு ஆட வேண்டியதுதான். பலருடைய ஆட்ட ஆயுளை இந்தக் குறுகிய பட்டியல் தின்றது.

சாலையில் நிறவெறிச் சட்டங்கள் ஒவ்வொரு நாளும் குறுக்கே நின்றன. ஆடிய ஊரில் குளிக்க இடம் இருக்காது, ஹோட்டலில் அறை கிடையாது, உணவகத்தில் பின்கதவு வழியாகத்தான் சாப்பாடு. கறுப்பினத்தவர் வீடுகளில் வாடகை அறைகள், கறுப்பினத்தவர் நடத்திய ஹோட்டல்கள், இல்லையென்றால் பஸ் இருக்கையே படுக்கை. எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று சொல்லும் 'கிரீன் புக்' கையேடு 1936-இல்தான் வந்தது. அதற்கு முன் அந்தத் தகவலெல்லாம் மேனேஜரின் தலைக்குள்ளும் பஸ் டிரைவரின் நினைவிலும்தான் இருந்தன.

மொனார்க்ஸின் பக் ஓ'நீல் பலமுறை சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1945, ஓக்லஹோமாவின் மஸ்கோகி. அந்த அணி பல ஆண்டுகளாகப் பெட்ரோல் போடும் பங்க். அணிக்குப் புதிதாக வந்திருந்த ஜாக்கி ராபின்சன் கழிப்பறையை நோக்கி நடந்தார். அங்கே போகக் கூடாது என்று கடைக்காரர் தடுத்தார். அப்படியானால் டேங்கிலிருந்து குழாயை எடு என்றார் ராபின்சன். பஸ்ஸில் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக 50 கேலன் டேங்க், அந்தக் கடைக்காரருக்கு அது ஒரு நாளில் கிடைக்கிற பெரிய வியாபாரம். கடைக்காரர் யோசித்துவிட்டுக் கழிப்பறையைத் திறந்து விட்டார். அதன் பிறகு, கழிப்பறை தராத இடத்தில் பெட்ரோல் போடுவதில்லை என்பது அணியின் வழக்கமானது. தங்கள் வாங்கும் சக்தி எவ்வளவு என்று அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தார்கள்.

இனி பெரிய நகரங்களின் கணக்கு. கறுப்பின மக்கள் திரளாக இருந்தது நியூயார்க், பிலடெல்ஃபியா, சிகாகோ, வாஷிங்டன் போன்ற ஊர்களில். பெரிய மைதானங்களும் அங்கேதான், எல்லாம் வெள்ளையரின் கையில். கறுப்பின அணி நேராகப் போய் வாடகைக்குக் கேட்க முடியாது, நடுவில் புக்கிங் ஏஜென்ட் இருப்பார். நியூயார்க் பகுதியில் நாட் ஸ்ட்ராங், பிலடெல்ஃபியாவில் எடி காட்லிப், சிகாகோ பக்கம் ஏப் சேபர்ஸ்டீன். இவர்களுக்கு வழக்கமாக 10 சதவீதம். வசூலில் முதலில் மைதான வாடகை போகும், அடுத்து ஏஜென்ட் பங்கு, விளம்பரச் செலவு, அம்பயர் கூலி, வரி. மிச்சத்தை இரண்டு அணிகள் பங்கு போடும். தின்பண்டம், குளிர்பானம், வண்டி நிறுத்தக் கட்டணம் எதுவும் அணிக்கு வராது, அவை மைதானக்காரருடையவை. ஒரு ஞாயிறு மழை பெய்தால் வாரச் சம்பளமே அடிபடும். ஏஜென்டைப் பகைத்துக்கொண்ட அணிக்கு அடுத்த மாதம் தேதியே கிடைக்காது.

யாங்கீ ஸ்டேடியத்தில் கறுப்பின அணிகள் முதலில் ஆடியது 1930 ஜூலை 5-இல், ரயில்வே தூங்கும் பெட்டிப் பணியாளர் சங்கத்துக்கு நிதி திரட்டுவதற்காக. பிறகு அது நல்ல வியாபாரமானது. 1946-இல் மேஜர் லீக் உரிமையாளர்களுக்கு நியூயார்க் யாங்கீஸின் லாரி மக்ஃபெயில் எழுதிய அறிக்கையில் உண்மை அப்பட்டமாக இருக்கிறது. யாங்கீ ஸ்டேடியம், நுவார்க், கான்சஸ் சிட்டி, நார்ஃபோக் மைதானங்களை நீக்ரோ லீக் அணிகளுக்கு வாடகைக்கு விடுவதாலும் தின்பண்ட வியாபாரத்தாலும் யாங்கீஸுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,00,000 டாலர் கிடைத்து வந்தது. கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்டால் இந்த வருமானம் போய்விடும் என்பது அந்த அறிக்கையின் வாதங்களில் ஒன்று. இன ஒதுக்கலை வெறும் வெறுப்பு என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்த அறிக்கையைக் கட்டாயம் படிக்க வேண்டும். அது ஒரு வருமானமும்கூட.

சொந்தமாக மைதானம் கட்டிப் பார்த்தவர் பிட்ஸ்பர்க்கின் கஸ் கிரீன்லீ. நம்பர்ஸ் என்ற சட்டவிரோதச் சூதாட்டத்தில் சம்பாதித்தவர். கறுப்பினத்தவருக்கு எந்த வங்கியும் பெரிய கடன் தராத காலத்தில் ரொக்கம் புரண்ட ஒரே தொழில் அது, அதனால் லீக் உரிமையாளர்களில் பலர் அந்தத் தொழிலில் இருந்தவர்கள். ஹில் மாவட்டத்தின் பெட்ஃபோர்ட் அவென்யூவில் சுமார் 1,00,000 டாலர் செலவில், 7,500 பேர் உட்கார, செங்கல் சுவரோடு கிரீன்லீ ஃபீல்டை 1932-இல் திறந்தார். வரைபடம் போட்டவர் லூயிஸ் பெலிஞ்சர் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். அங்கே ஆடிய கிராஃபோர்ட்ஸ் அணியில் ஒரு கட்டத்தில் பெய்ஜ், கிப்சன், சார்ல்ஸ்டன், ஜூடி ஜான்சன், கூல் பாப்பா பெல் என்று பின்னாளில் பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன ஐந்து பேர் ஒன்றாக இருந்தார்கள்.

இருந்தும் தோற்றது. ஏன்? பார்வையாளர் மேடைக்குக் கூரை போடவில்லை. ஆகஸ்ட் வெயிலிலும் மழையிலும் ஆட்கள் வரத் தயங்கினார்கள். நுழைவுச்சீட்டு விற்பனை போன்ற வேலைகளைக் கறுப்பினத்தவருக்குத் தரவில்லை என்று அக்கம்பக்கத்தார் கசந்துகொண்டார்கள். கட்டியதோ பெருமந்தத்தின் நடுவே. 1937-இல் டொமினிகன் சர்வாதிகாரி ட்ருஹியோவின் பெயர் தாங்கிய அணிக்காகப் பெய்ஜ் பெரும் தொகை வாங்கிக்கொண்டு போனார், கிப்சனும் பெல்லும் பின்னாலேயே போனார்கள். அணி சிதறியது. 1938 டிசம்பரில் மைதானத்தை இடித்து அரசு குடியிருப்பு கட்டினார்கள். ஆறு ஆண்டுகள்தான் அது நின்றது. கூரை ஒன்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கிரீன்லீயின் பெரிய வெற்றி வேறொன்று. 1933-இல் நீக்ரோ நேஷனல் லீக்கை மறுபடி தொடங்கிவைத்ததோடு, அதே செப்டம்பரில் சிகாகோ கொமிஸ்கி பார்க்கில் கிழக்கு-மேற்கு நட்சத்திர ஆட்டத்தையும் தொடங்கினார். வீரர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் வாசகர்கள். பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பின வார இதழ்கள் வாக்குச்சீட்டை அச்சிட்டன. முதல் ஆண்டில் ஏறக்குறைய 20,000 பேர் வந்தார்கள். 1943-இல் 51,723 பேர். பல உரிமையாளர்களுக்கு ஆண்டுக் கணக்கு நஷ்டத்தில் முடியாமல் காப்பாற்றியது இந்த ஒரு நாள்தான்.

அடுத்து ஒப்பந்தம். ராபின்சன் 1945-இல் மாதம் 400 டாலர் சம்பளத்துக்கு மொனார்க்ஸில் ஆடிக்கொண்டிருந்தார். டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டபோது மொனார்க்ஸுக்கு ஒரு காசும் தரவில்லை. நீக்ரோ லீக்குகள் முறையான அமைப்பே அல்ல என்பது அவர் சொன்ன நியாயம். ராய் கேம்பனெல்லா, டான் நியூகோம் இருவருக்கும் அவர்களின் பழைய அணிகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. உரிமையாளர்கள் உரக்க எதிர்க்கவும் முடியாது, ஒரு கறுப்பின இளைஞரின் வழியை மறிக்கிறார்கள் என்று சொந்த மக்களே கேட்பார்கள். நுவார்க் ஈகிள்ஸ் அணியை நடத்திய எஃபா மேன்லி மட்டும் விடவில்லை. 1947-இல் லாரி டோபியை கிளீவ்லாந்து எடுத்தபோது பேரம் பேசி 15,000 டாலர் வாங்கினார். மான்டி இர்வினை ரிக்கி சும்மா எடுத்துக்கொள்ள முயன்றபோது சண்டை போட்டார். ரிக்கி பின்வாங்கினார், நியூயார்க் ஜயன்ட்ஸ் 5,000 டாலர் கொடுத்து இர்வினை வாங்கியது. ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் பெண் மேன்லிதான், 2006-இல்.

ஆனால் அந்தப் பணம் அணியைக் காப்பாற்றவில்லை. 1946-இல் மொனார்க்ஸை வென்று சாம்பியனான ஈகிள்ஸின் மைதானத்துக்கு அந்த ஆண்டு வந்தவர்கள் சுமார் 1,20,000 பேர். 1947-இல் 57,000. 1948-இல் 35,000. ரசிகர்கள் ராபின்சனைப் பார்க்க புரூக்ளினுக்கு ரயில் ஏறினார்கள், அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. 1948-ஓடு நீக்ரோ நேஷனல் லீக் கலைந்தது. கடைசி உலகத் தொடரில் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸை ஹோம்ஸ்டெட் கிரேஸ் வென்றது. தோற்ற அணியில் 17 வயது வில்லி மேஸ் இருந்தார். நீக்ரோ அமெரிக்கன் லீக் இன்னும் பத்தாண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு போனது. 1952-இல் இண்டியனாபொலிஸ் கிளவுன்ஸிலிருந்து ஹாங்க் ஆரனை பாஸ்டன் பிரேவ்ஸ் 10,000 டாலருக்கு வாங்கியது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின வீரரான பம்ப்சி கிரீனை ஆட விட்டது 1959 ஜூலையில், ராபின்சனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து.

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று மேஜர் லீக் நிர்வாகம் அறிவித்தது. 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்ந்தன. ஜாஷ் கிப்சனின் பேட்டிங் சராசரி (ஹிட் கிடைத்த விகிதம்) 0.372, வெள்ளை லீக் வீரர் டை காப்பின் 0.367-ஐத் தாண்டி முதலிடம். 1943-இல் அவர் எடுத்த 0.466, ஒரு சீசனின் அதிகபட்ச சராசரி. பெய்ஜின் வெற்றிகள் 28-இலிருந்து 125 ஆயின. வில்லி மேஸுக்குப் பத்து ஹிட்கள் கூடி 3,293 ஆனது.

இந்த எண்களைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. அந்தக் காலத்து லீக் ஆட்டங்களில் சுமார் முக்கால் பங்குக்குத்தான் பதிவு கிடைத்திருக்கிறது. ஆட்ட விவரத்தைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டியது அணிகளின் பொறுப்பு. மூன்று ஊர் தாண்டி ஓடும் பஸ்ஸில் தபால் எழுதுவது பல நாள் நடக்காது. கறுப்பின இதழ்களோ வாரத்துக்கு ஒரு முறை வந்தவை, இருக்கும் இடத்தில் பல ஆட்டங்களை அடைக்க வேண்டும். பேட்டர் எத்தனை முறை நின்றார் என்ற பத்தியே சில பெட்டிச் செய்திகளில் (ஆட்டத்தின் எண்களைச் சுருக்கித் தரும் கட்டங்களில்) இருக்காது. ஆராய்ச்சியாளர்கள் பழைய இதழ்களின் நுண்படச் சுருள்களிலிருந்து ஒவ்வொரு ஆட்டமாகத் தேடிச் சேர்த்தவைதான் இன்று நாம் பார்க்கும் அட்டவணைகள். ஊர்சுற்றி ஆடியவை இவற்றில் கிடையாது. கிப்சனின் ஹால் ஆஃப் ஃபேம் பலகை ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்கிறது, அதிகாரப்பூர்வக் கணக்கிலோ 200-ஐக்கூட எட்டவில்லை. இரண்டும் வேறு வேறு ஆட்டங்களை எண்ணுகின்றன. ஆகவே மொத்த எண்ணிக்கைகளை வெள்ளை லீக் வீரர்களோடு ஒப்பிடாதீர்கள், அறுபது ஆட்ட சீசனை 154 ஆட்ட சீசனோடு நிறுத்தினால் யாருக்கும் நியாயம் கிடைக்காது. சராசரி, ஸ்லக்கிங் (அடியின் வலிமையைக் காட்டும் விகிதம்) போன்ற விகிதங்களைப் பாருங்கள், ஒரே லீக்கில் அதே ஆண்டில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னும் தேடல் முடியவில்லை. புதிதாக ஒரு பெட்டிச் செய்தி கிடைத்தாலும் இந்தச் சராசரிகள் மறுபடி மாறும்.